பித்து என்னும் சொல்லும் மூளையின் படமும்

சிவனைப் பித்தன் என்று உரிமையோடு அழைத்த மரபு நம்முடையது. அதே சொல்லை அடுத்த வீட்டுக்காரருக்குச் சூட்டும்போது அந்த உரிமை இளக்காரமாகிவிடுகிறது. போடி மலையடிவாரத்து எங்கள் ராசிங்காபுரம் பகுதியில், ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த ஒருவர் தம் காதில் யாரோ பேசுவதாகச் சொல்லத் தொடங்கினால், காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்பதே முதல் விளக்கம். கோடாங்கியிடம் போவதே முதல் வைத்தியம். மருத்துவமனையின் முறை பின்னரே வருகிறது.

மருத்துவத் துறையும் நெடுங்காலம் இந்நோயை வெளியிலிருந்தே பார்த்தது. சென்னையில் 1794இல் மனநோயாளருக்கெனக் காப்பகம் தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அடைத்துக் காப்பதே அக்காலச் சிகிச்சை. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 1908இல் இந்நோய்க்கு இட்ட பெயரையே நாம் மனச்சிதைவு என்கிறோம். பெயர் கிடைத்தது, இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்தும் நோயின் தெளிவான தடயம் கிடைக்கவில்லை.

1976இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர், நெடுநாள் நோயாளரின் மூளையை சி.டி. ஸ்கேன் வழியே படமெடுத்து, அதன் நடுவிலுள்ள நீர் அறைகள் விரிந்திருப்பதைக் காட்டினர். உயிரோடிருப்பவரின் மூளையிலேயே மாற்றத்தைக் காண முடிந்தது. ஆயினும் அது ஒரு கூட்டத்தின் சராசரி மட்டுமே. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு நோய் உண்டா என்பதை அச்சராசரி சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்பவே இயந்திரக் கற்றல் வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு, ஐ.பி.எம். நிறுவனமும் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் இணைந்து செய்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. மனச்சிதைவுக்கான மருந்தை அதுவரை உட்கொள்ளாத நோயாளர் 81 பேர், நோயற்றோர் 93 பேர் அதில் இடம்பெற்றனர். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அவர்கள் எதுவும் செய்யாமல் படுத்திருக்க, மூளையின் எப்பகுதிகளில் குருதியோட்டம் ஒருசேர ஏறி இறங்குகிறது என்பது பதிவாயிற்று. ஒரே நிலத்தைப் பல வரைபடங்களில் வெவ்வேறாக வரப்பிட்டுப் பார்ப்பதுபோல, ஒரே மூளையைப் பலவிதமாகப் பகுத்துக் கணினிக்குக் கற்பித்தனர். முன்பு காட்டாத படங்களைக் கொடுத்தபோது 87 விழுக்காடு சரியாகப் பிரித்தறிந்தது.

வியப்புக்குரியதுதான். ஆனால் நோயாளர் யார் என்பதை முதலில் முடிவு செய்தவர்கள் மருத்துவர்களே. இயந்திரம் கற்றது அவர்களுடைய தீர்ப்பை. நோயுற்றவரையும் நலமாயிருப்பவரையும் பிரிப்பது எளிய வினா. இது மனச்சிதைவா, இருதுருவ நோயா, போதையின் விளைவா என்பதே மருத்துவர் நாள்தோறும் சந்திக்கும் வினா. ஓரிடத்தில் எடுத்த படங்களில் தேர்ந்த கணினி, வேறிடத்துக் கருவியின் படங்களில் தடுமாறவும் கூடும்.

மருந்து உட்கொள்ளாதோரை ஆய்வாளர் தேடியதற்குக் காரணம் உண்டு. மருந்தே மூளையில் மாற்றம் செய்யக்கூடியது. எது நோயின் சுவடு, எது மருந்தின் சுவடு என்று பின்னர் பிரிக்க இயலாது. ஆய்வுக்கு அரிதான அந்நிலை நம் ஊர்களில் அரிதன்று. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, உளப்பிறழ்வு நோயாளரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சிகிச்சை பெறவில்லை என்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப், 2010இல் புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதிலிருந்த திரைவழியே சென்னை மருத்துவர் நோயாளியோடு பேசினார். மருந்து அங்கேயே வழங்கப்பட்டது. மூளைப்படத்தை வாசிக்கும் கணினி நாளை நம்மூர் வரை வரலாம். அது நோயைச் சரியாகவே சொன்னாலும், அதன்பின் மாதந்தோறும் மருந்து வந்துசேர அப்படியொரு வண்டி வேண்டும்.