இ.சி.ஜி. பிறந்த கதை

இன்று ஆஸ்பத்திரிகளில் சர்வசாதாரணமாக எடுக்கும் இ.சி.ஜி.யை, முதலில் பதிவு செய்தவரே பெரிதாக நம்பவில்லை. 1887-ல் லண்டனில் மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். (தன் புல்டாக் ஜிம்மியை உப்புத் தண்ணீரில் கால் வைத்து நிற்கவிட்டும் காட்டினார். இது கொடுமையில்லையா என்று 1909-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது!) அவர் கருவியில் பாதரசம் மெதுவாக நகர்ந்ததால் கோடு மழுங்கித்தான் விழுந்தது.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் கட்டினார். கோடு தெளிவானது. ஆனால் கருவி சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர்! நோயாளியிடம் தூக்கிப் போக முடியுமா? 1905-ல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து டெலிபோன் கம்பி வழியே துடிப்பை வரவழைத்தார்.

மேலறைகளைச் சுருங்கத் தூண்டும் அலை பி, கீழறைகளுக்கு க்யூ.ஆர்.எஸ்.; அவை மறுபடி தயாராவது டி. பெயர்கள் ஐந்தோவன் வைத்தவை. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு. வாலர் 1922-லேயே இறந்துவிட்டார்.