டெக்னிக்கல் நாக்கவுட்: போதும்னு சொல்றது யாரு?

'சார்பட்டா பரம்பரை' பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் அரியலூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: நாக்கவுட் புரியுது, அதென்ன டெக்னிக்கல் நாக்கவுட்? நல்ல கேள்வி. எங்க பெரம்பலூர்ப் பக்கம் ஒருத்தன் "டெக்னிக்கலா ஜெயிச்சான்"னு சொன்னா, நிஜமா ஜெயிக்கலைன்னுதான் அர்த்தம். குத்துச்சண்டையில அப்படி இல்லை.

முதல்ல விதியைப் பார்த்துடலாம். கீழே விழுந்தவர், நடுவர் பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள எழுந்து நிக்கலைன்னா நாக்கவுட். டெக்னிக்கல் நாக்கவுட்டுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தேவையில்லை. வீரர் நின்னுக்கிட்டேகூட இருக்கலாம். இதுக்கு மேல அவரால தன்னைக் காப்பாத்திக்க முடியாதுன்னு நடுவர் நிறுத்தலாம். காயத்தைப் பார்த்துட்டு டாக்டர் வேண்டாம்னு சொல்லலாம். அவரோட மூலையில நிக்கற பயிற்சியாளரே போதும்னு சொல்லலாம். ஐ.டி. பாஷையில சொன்னா, நாக்கவுட்ங்கிறது சர்வர் தானா விழுந்தது. டெக்னிக்கல் நாக்கவுட்ங்கிறது, விழறதுக்கு முன்னாடி ஒருத்தர் பொறுப்பெடுத்து ஷட்டவுன் பண்ணது.

அந்தப் பத்து எண்ற கணக்கு 1867ல வெளியான குயின்ஸ்பெரி விதிகள்ல இருந்து வந்தது. கையுறை, மூணு நிமிஷ ரவுண்டு எல்லாம் அதுலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி வெறுங்கை சண்டை. ஒருத்தர் விழுந்தா அந்த ரவுண்டு முடிஞ்சது, கொஞ்சம் இளைப்பாறிட்டு மறுபடி ஆரம்பம். இதுக்கு முடிவே கிடையாது. 1889ல அமெரிக்காவில் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரைனும் மோதினது 75 ரவுண்டு போச்சு. கடைசியில கில்ரைனோட ஆள் ஸ்பாஞ்சைத் தூக்கி உள்ளே எறிஞ்சு நிறுத்தினார். விட்டா ஆளே போயிடுவார்ங்கிற பயம். டெக்னிக்கல் நாக்கவுட்டோட வேர் அங்கதான் இருக்கு.

"டெக்னிக்கல்"ங்கிற வார்த்தையால அடி கம்மின்னு நினைச்சுடாதீங்க. 1962 மார்ச் 24, நியூயார்க். 12வது ரவுண்டில் பென்னி பாரெட் மூலையில மாட்டிக்கிட்டார். கயிறு தாங்கிப் பிடிச்சதால அவர் விழவே இல்லை. விழாததால எண்ணவும் இல்லை. எமில் கிரிஃபித் அடிச்சுக்கிட்டே இருந்தார். நடுவர் நிறுத்தினப்போ நேரம் கடந்துபோச்சு. பாரெட் சுயநினைவு திரும்பாமலே ஏப்ரல் 3ஆம் தேதி இறந்துட்டார். பதிவேட்டில் அந்தச் சண்டையோட முடிவு: டெக்னிக்கல் நாக்கவுட்.

இப்போ நம்ம ஊர்த் தொடர்புக்கு வருவோம். 1980 தொடக்கத்துல முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட ஒரு கண்காட்சிச் சண்டை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பரம்பரையா குத்துச்சண்டை வளர்த்த வடசென்னைக்கு அது எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்போ அலி ஓய்வு அறிவிச்சிருந்த நேரம்.

அலியோட கணக்குல 37 நாக்கவுட் வெற்றி இருக்கு. அதுல ரெண்டு வகையும் சேர்ந்திருக்கு. 1974ல கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை 8வது ரவுண்டில் வீழ்த்தினது நாக்கவுட். 1975ல மணிலாவில் ஜோ ஃப்ரேசியர் எண்ணிக்கையில தோக்கலை. 14 ரவுண்டு முடிஞ்சிருந்தது, பாக்கி ஒண்ணே ஒண்ணு. கண் வீங்கி மூடிப்போன நிலையிலயும் ஃப்ரேசியர் போறேன்னுதான் நின்னார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடலை. உலகப் பட்டம் மூணு நிமிஷ தூரத்துல இருக்கறப்போ தன் ஆளை உட்கார வைக்கறது சாதாரண முடிவா?

அதே முடிவு அலிக்கும் வந்தது. மெட்ராஸுக்கு வந்துட்டுப் போன அதே 1980, அக்டோபர் 2, லாஸ் வேகஸ். 38 வயசுல திரும்ப ரிங்குக்குள்ள வந்தார். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்துல அலியோட பயிற்சித் துணை. பத்து ரவுண்டு அடி வாங்கினார் அலி. இன்னும் ஒரு ரவுண்டுன்னு அவரோட மூலையிலேயே ஒரு குரல் கெஞ்சுச்சு. ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். 61 சண்டையில அலி முழு நேரமும் முடிக்காம தோத்தது அது ஒண்ணுதான். 1984ல அவருக்கு பார்க்கின்சன் பாதிப்பு இருக்கறது வெளியே தெரிஞ்சது. டண்டீ செஞ்சது சரி. ஆனா அந்தப் "போதும்" பல ரவுண்டு, ஏன் சில வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது.

நாக்கவுட்ல முடிவு எடுக்கறது உடம்பு. டெக்னிக்கல் நாக்கவுட்ல முடிவு எடுக்கறது பக்கத்துல நிக்கற மனுஷன். வீரர் போதும்னு சொல்ல மாட்டார், ரோஷம் விடாது. அதனால அவருக்காகச் சொல்ற உரிமையை விளையாட்டு வேற ஒருத்தர் கையில கொடுத்திருக்கு. அடுத்த தடவை முடிவுப் பட்டியல்ல டி.கே.ஓ.ன்னு பார்த்தா, ஜெயிச்சது யாருன்னு மட்டும் பார்க்காதீங்க. நிறுத்தினது யாரு, எந்த ரவுண்டுலன்னும் தேடிப் பாருங்க. அந்தச் சண்டையோட பாதிக் கதை அதுலதான் இருக்கும்.