களனிப் பள்ளத்தாக்கின் மண்ணும் பெருந்தோட்டக் கம்பனிகளும்

சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகி, கித்துல்கல, அவிசாவளை, கடுவலை ஆகிய ஊர்களைக் கடந்து, கொழும்பு நகரின் வடவெல்லையில் முகத்துவாரத்திற் கடலொடு கலக்கின்றது. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 145 கிலோமீற்றர். பெருமழைக் காலத்தில் அந்நீர் செந்நிறங் கொள்வதைக் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி மக்கள் நன்கறிவர். அச்செந்நிறத்திற் கணிசமான பங்கு மலைச்சரிவுகளின் மேன்மண்ணே. ஒன்றரை நூற்றாண்டாக எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் இடம்பெறாத நட்டக் கணக்கு அது.

ஒரு வணிக நிறுவனம் தன் வாழ்வுக்கு முதலாயுள்ள வளத்தைத் தானே அழித்துவிடாது பேணுவது எங்ஙனம் என்னும் வினாவை, 1987ஆம் ஆண்டின் புருண்ட்லாந்து ஆணைக்குழு அறிக்கைக்குப் பின்னர் தோன்றிய புதுவினாவாகக் கருதுவோர் உளர். களனியின் மேற்படுகையில் அவ்வினா கோப்பிக் காலத்திலேயே எழுந்துவிட்டது.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் காணப்பட்டது. துரைமார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. விலை உயர்ந்து நின்றமையால் மேலும் காடழித்து மேலும் கோப்பியே நட்டனர். 1870களின் பிற்பகுதியிற் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. 1880இல் வந்து ஈராண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வழி செய்தது எனக் காட்டினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறியதேயன்றித் தோட்டத்தை நடத்தும் முறை மாறவில்லை என்பதே இங்கு நோக்கற்பாலது. அரசு மட்டும் ஓரளவு விழித்துக்கொண்டது. கியூ தாவரவியற் பூங்காவின் யோசப் ஹூக்கர் 1873இற் கூறிய ஆலோசனைக்கிணங்க, 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. இன்று எஞ்சியுள்ள உயர்மலைக் காடுகள் பலவும் இத்தடையாற் பிழைத்தவை எனலாம்.

தேயிலைத் தோட்டங்கள் கோப்பியிடமிருந்து பெற்ற மிகக் கேடான முதுசொம், புல்பூண்டின்றி நிலத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் வழக்கமாகும். ஏக்கருக்கு இவ்வளவு என மாதக் கொந்தரப்பாகப் புல்வெட்டு வேலை கொடுக்கப்பட்டது. கங்காணி ஆள்வைத்துச் சுரண்டியால் மண்ணைச் சுரண்டுவித்தான். வெற்று மண் பளிச்சென்று தெரியும் மலையே நல்ல மலை. அத்தகைய மலையை உடைய துரையே நல்ல துரை. கொழும்புக் கோட்டையில் இருந்த ஏஜன்சிக் கம்பனிகள் அனுப்பிய பார்வையாளரும் இக்கண்கொண்டே தோட்டங்களை மதித்தனர். இலண்டனிலிருந்த பங்காளிகளோ மண்ணைக் கண்டவரல்லர். ஆண்டுப் பங்கிலாபத்தையே கண்டனர். ஆகவே குறை ஒரு துரையின் அறியாமையன்று. எதனைச் சிறப்பென மெச்சுவது என்பதில் ஒரு தொழில் முழுவதுங் கொண்டிருந்த பிழையான வழக்கமே. சட்டத்தினும் பார்க்க வழக்கத்தை மாற்றுதல் கடினம்.

1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. அக்காலத்தையொட்டிக் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்பகுதியிலுள்ள இறப்பர்த் தோட்டங்களில் மாற்றந் தோன்றியது. இறப்பர் மரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு நிலத்தை மூடினர். அவை மண்ணைப் பிடித்தன; நைதரசனையும் சேர்த்தன. தேயிலை மலைகளில் முருக்கு நட்டு, அதன் தழையை வெட்டி மண்ணிற் புதைத்தனர். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே சிறு வரம்பு விட்டு, நீர் தேங்கவும் மண் படியவும் செய்தனர். படிந்த மண்ணை அள்ளி மீண்டும் மேலே போட்டவர்கள் தோட்டத் தொழிலாளரே. 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளங் கொழும்பின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது; 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

இனி, பூச்சிகளின் கதை. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொணரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிட்டுப் பெருகி, மருந்துச் செலவின்றியே அத்தொல்லையைத் தணித்தது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் தெளிக்கப்பட்டபோது குளவிகளும் மாண்டன; அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட இவ்வுண்மை, பூச்சியியல் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் முகாமை ஒப்படைக்கப்பட்டது. இவற்றுள் ஒன்று களனிப் பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கியது. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து மழைக்காட்டுக் கூட்டமைப்பு முதலான பன்னாட்டு நிறுவனங்களின் நற்சான்றைப் பல தோட்டங்கள் பெற்றன. இவற்றைப் பயனற்றவை எனத் தள்ளுதல் நேர்மையன்று. எனினும் மண்ணைப் பேணுவோரைப் பேணியது எவ்வளவு என்ற கேள்வி எழாமல் இராது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்தாற் பெருந்தொகையான மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டுமென முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் ஒவ்வொரு மலையின் இயல்பையும் அறிந்திருந்த குடும்பங்கள் பல கப்பலேறிய காலம் அது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதுந் தீர்ந்தது. அவர்கள் வாழ்ந்த லயங்களோ அதன் பின்னரும் மாறவில்லை.

2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. தோட்டங்களுக்கு முன்னேற்பாட்டிற்குக் கால அவகாசம் அளிக்கப்படவில்லை. போதிய சேதனப் பசளையும் கைவசமில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 250 மில்லியனளவுக்கு வீழ்ந்தது. நாணய நெருக்கடியும் அதற்கொரு காரணமே. ஆயினும் 1930களில் இறப்பர்த் தோட்டங்கள் நிலத்தை மூடப் பழகியது ஓராண்டில் நிகழ்ந்ததன்று; நட்டுப் பார்த்து, தவறிப் பார்த்து, அண்டைத் தோட்டத்தைக் கண்டு பழகியது. கான் வெட்டும் ஆட்கள் அருகிவிட்ட இந்நாளிலும் டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் அப்பழைய கான்கள் சில எஞ்சியுள்ளன. பலவற்றில் மண் நிறைந்து புல் முளைத்திருக்கின்றது. மேலே பெய்யும் மழை அவற்றைக் கடந்து நேரே ஓயாவில் இறங்குகின்றது.