நாச்சாரத்திலிருந்து மூசியைப் படித்தல்: வடிநிலமா, மனைக்கட்டா?

சுற்றுச்சூழலை மையமாகக் கொண்டு நகர, வட்டாரத் திட்டமிடலைப் பயில வரும் மாணவர்கள், எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பது வழக்கம். நூல்கள் பல உண்டு. ஆயினும் ஓர் ஊரையும் அதன் நீர் செல்லும் வழியையும் ஒருசேரப் படிப்பதே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. அதற்கு நான் பரிந்துரைக்கும் ஊர், ஐதராபாத்தின் கிழக்குப் புறத்திலுள்ள நாச்சாரம்.

உப்பலுக்கும் மௌலாலிக்கும் இடையே அமைந்த நாச்சாரத்துக்கு, தக்காணத்துச் சிற்றூர்கள் பலவற்றைப் போலவே, தனக்கென ஒரு பெரிய ஏரி உண்டு. தெலுங்கில் அதனைப் பெத்த செருவு என்பர். விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் இங்கே தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலாளர் குடியிருப்புகளும், தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையும், என்.டி. ராமராவின் ராமகிருஷ்ணா சினிமா ஸ்டூடியோவும் பின்தொடர்ந்தன. 2007-இல் ஐதராபாத் பெருநகர மாநகராட்சி உருவானபோது நாச்சாரம் அதன் ஒரு பகுதியாயிற்று. இங்குப் பெய்யும் மழை தெற்கே சரிந்து மூசியாற்றை நாடுகிறது. இந்தச் சரிவை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குச் செல்வோம்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் பெருவெள்ளம் வந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேலேறி உயிர் தப்பியோர் 150 பேர் என்பர். இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள அம்மரத்தை நகரம் மறக்கவில்லை. மறுஆண்டு, நிசாம் அரசின் அழைப்பை ஏற்றுப் பொறியாளர் மோ. விஸ்வேஸ்வரய்யா ஐதராபாத்துக்கு வந்தார். வெள்ளத்தடுப்பும் நகரின் மறுசீரமைப்பும் அவர் பொறுப்பு.

அவருடைய அணுகுமுறைதான் நம் பாடத்தின் முதல் பகுதி. வெள்ளம் நகரத்தை அழித்தது. அவரோ நகருக்கு வெளியே தம் ஆய்வைத் தொடங்கினார். நகருக்கு மேலுள்ள மூசி வடிநிலத்தில் 788 ஏரிகள் இருந்ததை அவர் கணக்கிட்டார். சதுர மைலுக்கு ஏறத்தாழ ஓர் ஏரி. அவற்றுள் 221 ஏரிகள் அந்தப் பெருமழையில் உடைந்திருந்தன. மேலேரி உடைந்தால் அதன் நீர் கீழேரியின் கரையைத் தாக்கும். அதுவும் உடைந்தால் அடுத்தது. சங்கிலித்தொடராக அமைந்த ஏரிகளை அறிந்த தமிழருக்கு இது புதிய செய்தியன்று. ஆற்றங்கரையில் சுவரை மட்டும் உயர்த்தி இதற்குத் தீர்வு காண இயலாது என்பதை விஸ்வேஸ்வரய்யா உணர்ந்தார். நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நீர்த்தேக்கங்கள் கட்டுவதையே தம் திட்டத்தின் அடிப்படையாக்கினார். உஸ்மான் சாகர் 1920-இலும் இமாயத் சாகர் 1927-இலும் நிறைவுற்றன. வெள்ளத்தைத் தாங்கும் அணைகளே நகரின் குடிநீர்த் தேக்கங்களும் ஆயின.

1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெரிசலான குடியிருப்புகளைச் சீராக்கல், சாலைகளை அகலப்படுத்தல், ஆற்றோரம் பூங்கா அமைத்தல் எனப் பணிகள் விரிந்தன. வின்சென்ட் எஷ் வடிவமைத்த உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் மூசிக் கரையில் எதிரெதிரே எழுந்தன. வெள்ளம் கொண்டுபோன நகரம் தன் ஆற்றுக்கு முகம் காட்டி மீண்டும் கட்டப்பட்ட காலம் அது.

அதே காலச் சென்னையை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 1920-இல் சென்னை மாகாண நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ‘லாங் டேங்க்’ எனப்பட்ட நெடிய ஏரியின் மாம்பலம் பகுதி வடிக்கப்பட்டது. அந்நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. நல்ல சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புறநகராக அதனை அந்நாளில் பலரும் போற்றினர். ஏரி போன பின்னும் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ என்ற பெயரில் ஒரு சாலை எஞ்சியது. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் நீர் நின்றபோது அப்பெயரின் பொருள் மீண்டும் விளங்கிற்று. ஒரு நகரம் ஏரிகளை எண்ணித் தன் எதிர்காலத்தை வகுத்தது. இன்னொரு நகரம் ஏரியை மனையாக எண்ணியது. திட்டமிடல் என்ற ஒரே சொல் இரண்டையும் சுட்டிற்று.

இவ்விரு போக்குகளையும் நேரில் கண்டவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையைச் சுட்ட அதே எம்டன் 1914-இல் மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப்பார்த்து அறிக்கைகளும் எழுதினார். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றின் சரிவை வெட்டுமுகமாக வரைந்து, அதன்மேல் மக்களின் தொழில்களையும் குடியிருப்புகளையும் பொருத்திப் பார்ப்பது அவர் வகுத்த முறை. கொசுவைக் காரணங்காட்டி ஏரி குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். கொசுப்புழுக்களைத் தின்னும் மீன்களையும் வாத்துகளையும் வளர்க்கலாம் என்றார். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு இடம் தேர்வதற்கும் அவருடைய ஆலோசனை பெறப்பட்டது. 1923-இல் அறிக்கை அளித்தார். அந்த வளாகம் நாச்சாரத்திலிருந்து தொலைவில் இல்லை.

இப்போது நாச்சாரத்துக்குத் திரும்புவோம். விடுதலைக்குப் பின் திட்டமிடலின் மொழி மாறியது. ஆந்திரப் பிரதேசத் தொழில் உட்கட்டமைப்புக் கழகம் 1973-இலும், ஐதராபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் 1975-இலும் தோன்றின. நிலம் தொழில், குடியிருப்பு, வணிகம் என வண்ணம் தீட்டப்பட்ட மண்டலங்களாயிற்று. நாச்சாரம், உப்பல், மல்லாப்பூர், செர்லபள்ளி என நகரின் கிழக்கு வடகிழக்கு விளிம்பில் தொழிற்பேட்டைகள் விரிந்தன. வேலைவாய்ப்பு வேண்டிய காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் திட்டத்தின் அலகு மாறிவிட்டது. விஸ்வேஸ்வரய்யாவுக்கு அது வடிநிலம். தொழிற்பேட்டை வரைபடத்துக்கு அது மனைக்கட்டு. மனைக்கட்டு வரைபடத்தில் சாலையும் மின்கம்பியும் தெரியும். ஏரியின் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலிங்கு வழியே வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பன தெரியா.

வடிநிலப் பார்வை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நகரின் மேற்கே மட்டும் அது நிலைத்தது. 1996 மார்ச் 8 அன்று வெளியான அரசாணை 111, உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஆகியவற்றின் முழுக்கொள்ளளவு மட்டத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில், 84 ஊர்களில், மாசு தரும் தொழிற்சாலைகளையும் பெரிய குடியிருப்புகளையும் தடுத்தது. இமாயத் சாகர் அருகே தொடங்க முயன்ற எண்ணெய் ஆலை ஒன்றின் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பேராசிரியர் எம்.வி. நாயுடுவுக்கும் இடையிலான அவ்வழக்கின் 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை விரிவாக விளக்கிற்று. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்க அறிவியல் வல்லுநர்களும் அமர்வில் வேண்டும் என்றது. அதை எழுதிய நீதிபதி எம். ஜகந்நாதராவ், பின்னர்ச் சட்ட ஆணையத்தின் தலைவராக 2003-இல் அளித்த அறிக்கையில் சுற்றுச்சூழல் நீதிமன்றங்களைப் பரிந்துரைத்தார். 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்துக்கு அது முன்னோடி. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் ஒரு வேர், 1908 வெள்ளத்தின் பயனாய்க் கட்டப்பட்ட ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாநில அரசு புதிய ஆணை மூலம் 111-இன் கட்டுப்பாடுகளை நீக்க முடிவெடுத்ததையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

மேற்கே நகரம் குடிக்கும் நீர். கிழக்கே நகரம் கழிக்கும் நீர். முன்னதைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் வரைந்த திட்டமிடல், பின்னதைச் சுற்றி எந்த வட்டமும் வரையவில்லை. நாச்சாரம் அந்தப் பின்னதன் பக்கத்தில் இருக்கிறது. குடிநீருக்காக மட்டும் வடிநிலத்தைக் கருதும் திட்டமிடல் அரைகுறையானது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். 2020 அக்டோபர் 13 அன்று, நாச்சாரத்துக்கும் கிழக்கே கட்கேசர் வட்டாரத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. நகரின் ஏரிகள் பல நிறைந்து, அவற்றின் பழைய நீர்வழிகளில் எழுந்த குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது. வருவாய்த்துறைப் பதிவுகள் மறந்த கால்வாய்களை மழை மறக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாத நிலை இப்போது உருவாகியுள்ளது. வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பழைய தொழிற்பேட்டைகளின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம் முதலிய பயன்பாடுகளுக்கு மாற்றும் கொள்கையைத் தெலங்கானா அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. அப்பேட்டைகளுள் நாச்சாரமும் ஒன்று. ஆலைகள் நகருக்கு வெளியே செல்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆலை பெயர்ந்தாலும் அதன் அடியிலுள்ள மண் பெயர்வதில்லை. அமெரிக்காவின் லவ் கால்வாயில், வேதிக் கழிவு புதைந்த நிலத்தின்மேல் பள்ளியும் வீடுகளும் கட்டப்பட்டன. 1978-இல் அங்கே அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. 1980-இல் மாசுற்ற நிலங்களைத் தூய்மை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. இந்தியாவிலும் மாசுற்ற தலங்களை மேலாளும் விதிகள் 2025-இல் வந்துள்ளன. நிலப்பயன்பாட்டை மாற்றும் கோப்பும் மண்ணைச் சோதிக்கும் கோப்பும் ஒரே மேசைக்கு வருமா என்பதே இன்றைய கேள்வி. இரண்டாவது கோப்பு பிந்தினால், அதன் விலையை அங்கே வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பங்களே கொடுக்கும்.

ஆகவே ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. நாச்சாரத்தின் பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பெத்த செருவின் வரத்துக்கால்களையும் போக்குக்கால்களையும் மூசிவரை நடந்தே பின்தொடருங்கள். ஒவ்வொரு தொழில்மனையிலும் காலந்தோறும் என்ன தொழில் நடந்தது என்று பட்டியலிடுங்கள். முதிய தொழிலாளர்களின் நினைவு இதற்கு நல்ல ஆவணம். அருகே உப்பல் சாலையிலேயே தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நிலத்தடி நீரைப் படிக்கும் முறைகளை அங்குள்ள அறிஞர்களிடம் கேட்டறியுங்கள். இறுதியில், மனை எண்களுக்குப் பதிலாகச் சரிவுகளாலும் நீர்வழிகளாலும் எல்லை வகுத்த ஒரு வரைபடத்தை உருவாக்குங்கள்.

1909-இல் ஒருவர் 788 ஏரிகளை எண்ணினார். நாச்சாரத்தில் எண்ண வேண்டியது ஓர் ஏரியும் சில ஓடைகளும் ஒரு தொழிற்பேட்டையின் மண்ணும்தான். ஒரு முதுநிலை மாணவரின் ஓராண்டு உழைப்புக்குள் அடங்கக்கூடிய பணி இது. நிலம் கைமாறுவதற்கு முன் செய்தால் பயன் மிகும்.