தொரப்பள்ளியிலிருந்து கிளம்பியவர்

ஓசூர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு சிப்காட்டும் ரோஜாப்பூவும்தான் ஞாபகம் வரும். ராயக்கோட்டை என்றால் தக்காளி மண்டி. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் இந்தப் பக்கத்துக்காரர் என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் ராஜாஜியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

1878 டிசம்பர் 10-ஆம் தேதி, ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். தகப்பனார் ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டம். 1900-இல் சேலத்தில் வக்கீலானார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும், நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டார். வேலூர் சிறை, 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம், 1930-இல் வேதாரண்ய உப்பு யாத்திரை என்று வரிசையாக வந்தன. இதெல்லாம் நாம் பள்ளியிலேயே படித்ததுதான்.

நம் பகுதிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது 1937. அந்த ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். ஓசூர், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை எல்லாம் அன்று சேலம் மாவட்டம்தானே! ஆசிரமத்தில் இருந்தபோதே மதுவை எதிர்த்து 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர் அவர். குடி ஏழைக் குடும்பத்தை என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்.

அமெரிக்கா மதுவிலக்கை முயன்று பார்த்து, 1933-இலேயே கைவிட்டுவிட்டது. அது தெரிந்தும் இவர் துணிந்தார். கள், சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் கட்டும் ஜிஎஸ்டிக்கு அதுதான் பாட்டன். 1938-இல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கவும் சட்டம் செய்தார். வட்டிக்கு வட்டி கட்டியே ஓய்ந்துபோன குடியானவனுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது.

அதே ஆட்சியில்தான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் சிறைக்குப் போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாக இருந்தபோதே 1939-இல் இறந்தார்கள். அந்தக் கணக்கை அவர் பெயரிலிருந்து யாராலும் கழிக்க முடியாது.

1948 முதல் 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரல். இவ்வளவு பெரிய பதவிக்குப் பிறகு 1952-இல் மறுபடி சென்னை முதலமைச்சரானார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதற்கு ஜனங்கள் வாழ்த்தினார்கள். அடுத்த ஆண்டே, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. வண்ணான் மகன் வண்ணானாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1954-இல் பதவி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தை ரத்து செய்தார்.

இந்தி விஷயத்தில் பிற்காலத்தில் மனம் மாறி, ஆங்கிலமே நீடிக்கட்டும் என்று வாதாடினார். 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, 1967-இல் திமுகவோடு கூட்டணியும் வைத்தார். மதுவில் மட்டும் கடைசிவரை மாறவில்லை. 1971-இல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, வேண்டாம் என்று மன்றாடினார். அப்போது அவருக்கு வயது 92. பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-இல் காலமானார்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். இந்தியையும் கல்வித் திட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1937 அக்டோபரில் நம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகள் மூடிய கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.