ரத்தத்திலிருந்து ஈஸ்டுக்கு: ஒரு தடுப்பூசியின் கதை

ஒரு நோய்க்கான தடுப்பு மருந்தை அந்த நோய்க் கிருமி உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே எடுத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அப்படித்தான் தயாரானது.

இதற்கு வழிவிட்டவர் பாரூக் பிளம்பர்க். அவர் காமாலையைத் தேடிப் போகவே இல்லை. பல நாட்டு மக்களின் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, 1963-இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிதாக ஒன்று தென்பட்டது. அது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது சில ஆண்டுகள் கழித்தே புரிந்தது. 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸிடம் ஒரு விசித்திரம் உண்டு. ரத்தத்தில் முழு வைரஸை விடப் பல மடங்கு அதிகமாக வெறும் மேலுறைத் துகள்கள் மிதக்கும். அளவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே மரபுப்பொருள் கிடையாது. பதர் மாதிரிதான்: பார்க்க நெல், விதைத்தால் முளைக்காது. ஆனால் உடம்பு அதையே எதிரியாக நினைத்து எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும்!

அப்படியானால் பதரோடு ஒரு நெல்கூடக் கலக்கக் கூடாது. மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மேன் பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு என்று மூன்று கட்டமாக ரத்தத்தில் இருந்த கிருமிகளை அழித்தார். ஆனால் அதே 1981-இல்தான் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவானது. இந்த முறை எய்ட்ஸ் கிருமியையும் கொன்றுவிடுகிறது என்று பின்னர் சோதனையில் தெரிந்தும் பயம் போகவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது.

வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் ஆகியோரின் குழுக்கள் 1982-இல் வேறு வழி காட்டின. மேலுறைக்கான மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்தால், ஈஸ்டே அந்தத் துகளைச் செய்து தருகிறது. முழு வைரஸ் என்ற பேச்சே இல்லை.

ஆனால் துகள் ஈஸ்ட் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். செல்லை உடைத்தால் ஈஸ்டின் புரதம், கொழுப்பு, டி.என்.ஏ எல்லாம் சேர்ந்து வெளியே வரும். இந்தக் கலவையைப் பிரிக்கத்தான் குரோமட்டோகிராபி. நுண்துளை மணிகள் நிரப்பிய குழாயில் கலவையை ஊற்றினால், சின்னப் புரதங்கள் துளைகளுக்குள் புகுந்து தாமதமாகும். பெரிய துகள் நுழைய முடியாமல் முதலில் வந்துவிடும். (நம் சல்லடைக்கு நேர் எதிர்!) இன்னொரு முறையில், உப்பு அதிகமான கரைசலில் துகள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், உப்பைக் குறைத்தால் விட்டுவிடும். துகள் பெரிதாக இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. மணியின் வெளிப்பரப்பில் மட்டுமே ஒட்டுவதால், ஒரு குழாய் பிடிக்கும் அளவு குறைவு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மலிவாக வளர்ந்துவிடும். செலவு வைப்பது இந்தச் சலவைதான்.

1986-இல் ஈஸ்ட் தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. மரபணு மாற்ற முறையில் மனிதர்களுக்காக வந்த முதல் தடுப்பூசி அது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனமும் ஈஸ்டிலிருந்து அதே துகளைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த ஊசியை வசதி படைத்தவர்கள்தான் வாங்க முடிந்தது. அதன் பிறகு இந்தியாவில் விலை மளமளவென்று இறங்கியது.