பாவையும் பொருளும்: தென்காசி, குற்றாலக் கலைகளில் பெண்ணுடல்

பெண்ணுடலைக் கலை எவ்வாறு கண்டது என்னும் வினாவிற்குக் கல்லிலும் வண்ணத்திலும் சொல்லிலுமாக மூன்று விடைகளைத் தருவது திரிகூட மலையின் அடிவாரம்.

தென்காசிக் காசிவிசுவநாதர் திருக்கோயிலைப் பராக்கிரம பாண்டியன் எழுப்பினான். திருப்பணி 1446இல் தொடங்கியது. அதன் மண்டபத் தூண்களில் வீரபத்திரர், தாண்டவர், மன்மதன் ஆகியோருடன் காளியும் இரதியும் தமிழணங்குகள் எனப்படும் பாவையரும் நிற்கின்றனர். காளியின் உடல் ஆற்றலைக் காட்டுவது. இரதியின் உடல் எழிலைக் காட்டுவது. ஒரே மண்டபத்தில் இவ்விரண்டும் இடம்பெற்றமை, பெண்மையை மென்மை என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடாத மரபிற்குச் சான்றாகும்.

குற்றாலத்துச் சித்திரசபை ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் ஒன்று. இங்கு இறைவன் ஓவியமாகவே வழிபடப்பெறுகிறான். செப்புத் தகடு வேய்ந்த கூரையின்கீழ்ச் சுவர்களெங்கும் தெய்வ வடிவங்களும் புராணக் காட்சிகளும் தீட்டப்பெற்றுள்ளன. இத்தகைய சுவரோவிய மரபில் உடலும் பொருளும் பிரிவதில்லை. கைக்கிளியும் தாமரையும் கண்ணாடியும் படைக்கலமுமே அப்பெண் யார் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

மேலைநாட்டில் நிலை வேறு. 17ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டில் மலர், கனி, கலம் முதலிய அசையாப் பொருள்களை மட்டுமே வரையும் ஓவியம் தனித்துறையாக வளர்ந்தது. ஆடையற்ற உடலை நேரிற் கண்டு வரையும் பயிற்சி பெண்டிர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. எனவே அவருட் பலர் மலர்களை நாடினர். மலரோவியத்தாற் பெரும்புகழ் பெற்றவர் ரேச்சல் ரூய்ஷ் (1664–1750). உடலை வரைய இயலாத கை, வாடும் இதழிலும் இலையரிக்கும் பூச்சியிலும் உயிரின் நிலையாமையை வரைந்தது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706–1732) அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. இந்நூலில் இரு பெண்கள் வருகின்றனர். பந்தாடும் வசந்தவல்லி பிறர் கண்டு வியக்கும் உடலினள், காதலால் மெலிபவள். குறத்தி சிங்கியோ மலையேறி நாடு பல நடந்து குறி சொல்லிப் பொருளீட்டும் உடலினள். அவள் காலணிகளைக் கண்டு சிங்கன் பாம்போவென ஐயுறுகிறான். அவளோ ஒவ்வொன்றும் தன் தொழிலுக்குக் கிடைத்த பரிசு என விடையிறுக்கிறாள். ஆடவன் கண்ணுக்கு அச்சமாகத் தோன்றிய பொருள், பெண்ணின் வாய்மொழியில் உழைப்பின் ஊதியமாகிறது. அணிகலன் அழகுக்கு மட்டுமே உரியது என்னும் கருத்து இங்கே தகர்கிறது.

எனினும் சிங்கியின் குரலையும் ஆடவரே எழுதினார் என்பதை மறத்தலாகாது. பாவையைச் செதுக்கிய மரபு பாவையின் பார்வையை முழுதும் பதிவுசெய்ததில்லை. கல்லும் சுவரும் ஏடும் பெண்ணைப் போற்றிப் பேணியது உண்மை; அவள் தன்னைத் தானே வரைந்துகொள்ளும் உரிமை அப்போற்றுதலினும் பெரிது. தென்காசித் தூண்களையும் குற்றாலச் சுவர்களையும் இனிக் காண்போர், உருவத்தின் அழகோடு அது யாருடைய கண்வழிப் பிறந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். மரபை மதித்தல் என்பது அதனிடம் வினாத் தொடுத்தலையும் உள்ளடக்கியதே.